மீன்பேனும் நீலத்துளியும்

சென்ற மார்கழியில் எமது இல்லத்து மீன்தொட்டியில் ஒரு கொள்ளைநோய் வந்து போயிற்று. இரண்டடி நீளமுள்ள சிறு கண்ணாடித் தொட்டி, பதினொரு மீன்கள். புத்தக அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையில் அதை வைத்து ஐந்தாண்டுகளாகப் பேணி வந்தோம். கயலும் கெண்டையும் வாளையும் வராலும் துள்ளித் திரியும் பாடல்களை வகுப்பில் நடத்திவிட்டு வீடு திரும்பும் ஒருவருக்கு, உயிருள்ள மீன் நான்கையேனும் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டுமென்ற ஆசை எழுவது இயல்புதானே! மாணவர்கள் இதைச் சொல்லித் தமக்குள் நகைப்பதும் எமக்குத் தெரியும்.

அத்தொட்டியில் புதிதாக இரண்டு ஏஞ்சல் மீன்களை வாங்கி விட்டோம். ஆறாம் நாள் அவற்றின் துடுப்புகளில் உப்புத்தூள் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின. அடியிலிருந்த கூழாங்கற்களில் மீன்கள் உடலை உரசிக்கொண்டன. கடைக்கு ஓடினோம். கடைக்காரர் எம்மிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிறு நீலப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். "ஒண்ணும் பயமில்லீங்க சார். தினம் நாலு சொட்டு விடுங்க, புள்ளி போயிரும்."

அவர் சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் காலையில் மீன்களின் மேனியில் ஒரு புள்ளி கூட இல்லை. மகிழ்ந்து மருந்தை நிறுத்தினோம். அதற்கடுத்த நான்காம் நாள் மாலை, பதின்மூன்று மீன்களும் மாவில் புரட்டியெடுத்தவை போல நின்றன. மீண்டும் புட்டியைக் கவிழ்த்தோம். இம்முறை சொட்டுக் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் பன்னிரண்டு மீன்கள் மாண்டன. எஞ்சியது கறுப்பு மாலி ஒன்று.

போன புள்ளி ஏன் திரும்பி வந்தது? இந்த ஒரு கேள்வியோடுதான் நாம் தேடத் தொடங்கினோம். விடை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீளமுள்ளதாக இருந்தது. அந்த வரலாற்றையே இங்கு நண்பர்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

வெண்புள்ளி நோய் பற்றி நாம் கண்ட மிகப் பழைய குறிப்பு சீனத்தில், சோங் அரச மரபின் காலத்தில் கிடைக்கிறது. பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வாறு வினைபுரிகின்றன என்பதைத் தொகுத்துச் சொல்லும் சிறு நூல் ஒன்று. பெருங்கவிஞர் சூ தோங்போவின் (1037-1101) பெயரில் அது வழங்குகிறது. அவர் எழுதியதுதானா என்பதில் அறிஞர்களுக்கு ஐயமுண்டு. அவருக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த சான்னிங் என்ற பௌத்தத் துறவியின் நூல் என்று சொல்வாரும் உளர். சமையல், துணி வெளுத்தல், பழம் கெடாமல் காத்தல் என்று நூறு வீட்டுக் குறிப்புகளுக்கு நடுவே மீனுக்கும் ஒரு வரி. மீன் மெலிந்து அதன்மேல் வெண்புள்ளி தோன்றினால் அதற்குப் 'பேன்' என்று பெயர், குறிப்பிட்ட ஒரு மரத்தின் பட்டையை நீரில் இட்டால் குணமாகும் என்பது அதன் கருத்து.

இவ்வொரு வரியில் நோயின் தோற்றம், பெயர், மருந்து மூன்றும் அடங்கிவிட்டன. 'பேன்' என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நோய் என்பது உடலுக்குள்ளிருந்து கிளம்பும் ஏதோ ஒரு கேடன்று. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஓர் உயிர் என்று நுண்ணோக்கி இல்லாத காலத்தில் ஒருவர் ஊகித்திருக்கிறார்.

பின்னர் மிங் காலத்தில் பொன்மீன்கள் குளத்திலிருந்து வீட்டுக் கலங்களுக்கு வந்து சேர்ந்தன. 1596இல் சாங் சியாந்த என்பவர் பொன்மீன்களுக்கென்றே தனி நூல் எழுதினார். ஆனால் அக்கலங்கள் மண்ணாலும் பீங்கானாலும் ஆனவை. மீனை மேலிருந்துதான் பார்க்க முடியும். முதுகு தெரியும், வால் தெரியும். வயிறும் செவுளும் தெரியா. மீனைப் பக்கவாட்டில் நின்று நோக்கும் வாய்ப்பு கண்ணாடியால் வந்தது. நோயறிதலின் வரலாற்றில் தொட்டியின் சுவருக்கும் ஓர் இடம் உண்டு என்பது எமது எண்ணம்.

கண்ணாடித் தொட்டியின் கதை இலண்டனில் தொடங்குகிறது. மருந்துத் தயாரிப்பாளர் சங்கக் கூடத்தில் வேதியியலராகப் பணியாற்றிய இராபர்ட் வாரிங்டன், பன்னிரண்டு காலன் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்ச்செடியையும் வைத்தார். செடி உயிர்வளியைத் தரும், மீன் வாழும் என்பது கணக்கு. சில வாரங்களில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. அழுகலைத் தின்ன நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார், நீர் தெளிந்தது. 1850இல் இதனை வேதியியல் கழகத்தில் அறிவித்தார். 1853இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் 'மீன் இல்லம்' திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிலிப் கோஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை மக்கள் நாவில் பதியவைத்தது. வரவேற்பறைதோறும் தொட்டி வைக்கும் மோகம் பிறந்தது.

வாரிங்டனின் சோதனையில் மீன்களுக்கு நோய் வரவில்லை. நீருக்குத்தான் நோய் வந்தது. அவரும் நீருக்கே மருத்துவம் செய்தார். இதை நாம் முதலில் படித்தபோது கவனியாமல் கடந்துவிட்டோம். பிறகுதான் உறைத்தது.

இனி நம் வெண்புள்ளிக்கு வருவோம். 1869இல் ஹாம்பர்க் விலங்கியல் தோட்டத்தின் மீன்காட்சியகத்தை ஃபிரான்ஸ் ஹில்கெண்டார்ஃப் நிர்வகித்து வந்தார். நத்தைப் புதைபடிவங்களை அடுக்கடுக்காய் ஆராய்ந்து, உயிரினங்கள் மாறிவரும் தடத்தைக் காட்டிய அதே அறிஞர்தான். அவரும் பவுலிக்கி என்பவரும் நன்னீர் மீன்களின் தோலில் ஒட்டிவாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெண்புள்ளி என்பது ஒற்றைச் செல் உயிரி ஒன்றின் குடியிருப்பு என்பது புலனாயிற்று. ஏழாண்டுகள் கழித்து, 1876இல், ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு முறையான பெயர் சூட்டினார்: இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ். கிரேக்கத்தில் 'இக்தியூஸ்' என்றால் மீன். 'ஃப்தெய்ர்' என்றால்... பேன்! அந்தச் சீனக் குறிப்பை ஃபூக்கே அறிந்திருக்க வழியில்லை. எண்ணூறு ஆண்டு இடைவெளியில், ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாமல், இருவர் ஒரே நோய்க்கு ஒரே பெயரை வைத்திருக்கின்றனர். சொற்களோடு பிழைப்பு நடத்தும் எமக்கு இது தந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆயினும் எமது கேள்விக்கான விடை பெயரின் பின்பாதியில்தான் இருந்தது. 'மல்டிஃபிலிஸ்' என்பது இலத்தீன். பல பிள்ளைகளை உடையது என்று பொருள். இவ்வுயிரியின் வாழ்க்கை விந்தையானது. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அதன் திசுக்களைத் தின்று கொழுக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுதான். வயிறு நிறைந்ததும் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியேறிக் கூழாங்கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றி ஒரு பசைக்கூடு அமைத்து, அதனுள் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிகிறது. நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரம் வரையிலும் குஞ்சுகள் கூட்டை உடைத்துக்கொண்டு நீரில் பாய்கின்றன. ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் அவை மடிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் இச்சுழற்சி முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. குளிர்நீரில் பல வாரங்கள் ஆகும். நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் உயிரி தளர்ந்து போகிறது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் தலைகாட்டாத நோய் மார்கழிக் குளிரில் வந்து நிற்பது இதனால்தான்.

தோலுக்குள் இருப்பதை நீரில் கலந்த மருந்து தொடுவதில்லை. கூட்டுக்குள் இருப்பதையும் தொடுவதில்லை. நீரில் நீந்தும் குஞ்சுகளை மட்டுமே அது கொல்லும். ஆக, அந்த மூன்றாம் நாள் காலையில் எம் மீன்களின் மேனி தெளிந்தது மருந்தினால் அன்று. கொழுத்த பேன்கள் தாமாகவே இறங்கிக் கூழாங்கற்களுக்கிடையே பிள்ளை பெற்றுக் கொண்டிருந்தன. மருந்து தேவைப்பட்ட நாட்கள் அதன்பின்தான் தொடங்கின. அன்றுதான் நாம் புட்டியை மூடி அலமாரியில் வைத்தோம். இதற்கான அடிப்படையை ஃபூக்கே வைத்த பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் படிக்கவில்லை.

மீன் மருத்துவத்தை ஒரு தனித்துறையாக நிறுத்திய பெருமை ஜெர்மனியின் மூனிக் நகருக்கு உரியது. அங்கே புரூனோ ஹோஃபர் 1904இல் 'மீன் நோய்களின் கையேடு' என்ற பெருநூலை வெளியிட்டார். ட்ரௌட், கெண்டை முதலிய உணவு மீன்களை வளர்ப்போரின் இழப்பே இவர்களை உந்தியது. அழகுக்கு மீன் வளர்த்தவர்கள் அவ்வறிவைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

ஹோஃபருடன் பணியாற்றிய மரியான்னே பிளென் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1863இல் பிரஷ்யாவில் பிறந்தவர். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. எனவே சுவிட்சர்லாந்தின் சூரிக் சென்று பயின்று 1896இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மூனிக் வந்து, வாழ்நாள் முழுவதையும் நோயுற்ற மீன்களோடு கழித்தார். 1914இல் பேராசிரியர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. பவேரியாவில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. 1924இல் அவர் வெளியிட்ட நூல் செய்முறைக்கானது. மீனின் மேனிப் பிசுக்கைச் சிறிது வழித்தெடுத்து, நீர்த்துளியோடு கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் நோக்குதல், செவுள் இழையைக் கத்தரித்து நோக்குதல், வயிற்றைத் திறந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் நோக்குதல் ஆகியவை மீன் மருத்துவத்தின் அன்றாடப் பழக்கமானது இம்மூனிக் மரபினால்தான். முதலில் பார், பிறகு மருந்தைத் தேடு என்ற ஒழுங்கு அது.

ஆனால் மருந்துகளின் வரலாறு இந்த ஒழுங்குக்குக் காத்திருக்கவில்லை. ஃபூக்கே மீன்பேனுக்குப் பெயர் வைத்த அதே 1876இல், ஜெர்மானிய வேதியியலர் ஹைன்ரிக் காரோ மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை உருவாக்கினார். துணிக்குச் சாயம் ஏற்றப் பிறந்த பொருள் அது. நுண்ணோக்கியில் நோக்குவோர் அதைக் கொண்டு உயிர்த்திசுக்களை நிறமேற்றிப் பார்த்தனர். சில நுண்ணுயிர்கள் இச்சாயத்தைத் தேர்ந்து உறிஞ்சுவதைக் கண்ட பால் எர்லிக், நிறமேற்றும் பொருளே கொல்லவும் கூடுமல்லவா என்று சிந்தித்தார். 1891இல் அவரும் குட்மனும் மலேரியா நோயாளிகள் இருவருக்கு அதைக் கொடுத்துப் பயன் கண்டனர். (பிளென் அம்மையாரின் உடன்பிறந்தார் இருவர் ஆப்பிரிக்காவில் மலேரியா மருத்துவர்களாகப் பணியாற்றியவர்கள் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.) துணிச் சாயம் மனிதருக்கு மருந்தாகி, பிறகு மீன்தொட்டிக்குள் இறங்கியது. காரோவுக்கு அடுத்த ஆண்டு, 1877இல், மற்றொரு ஜெர்மானியரான ஃபிஷர் மாலகைட் பச்சை என்னும் சாயத்தைச் செய்தார். ஃபாஸ்டர், வுட்பரி என்னும் இருவர் 1936இல் அமெரிக்காவில் அதை மீன்களின் பூஞ்சைக்கு மருந்தாக எழுதினர். அதனோடு ஃபார்மலின் சேர்ந்த கலவையை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தும் முறையை 1972இல் லெட்டோவும் மேயரும் வெளியிட்டனர். கடைகளில் விற்கும் பல புட்டிகளின் மூதாதை அது. மாலகைட் பச்சை உண்ணும் மீன்களுக்கு ஆகாதென்று பல நாடுகள் தடைசெய்துள்ளன. அழகுமீன் தொட்டியில் மட்டும் அது உலவிக்கொண்டிருக்கிறது.

எம் கடைக்காரர் கொடுத்தது எச்சாயம் என்பதைப் புட்டியின் மேலிருந்த தாள் சொல்லவில்லை. நிறம் மட்டும் சொல்லிற்று.

கண்ணால் மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதன் இடரை விளக்க இன்னொரு நோயைச் சொல்கிறோம். மீனின் வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல வெண்மை படரும். வளர்ப்போர் இதனை 'வாய்ப் பூஞ்சை' என்றே பல்லாண்டு அழைத்தனர். பூஞ்சைக்கான மருந்தையே இட்டனர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில், அயோவா மாநிலத்து ஃபேர்போர்ட் ஆய்வு நிலையத்தில் பணிசெய்த டேவிஸ் அந்த வெண்மையை நுண்ணோக்கியில் வைத்தார். பூஞ்சை இழைகள் இல்லை. மெல்லிய, நீண்ட பாக்டீரியாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூண் தூணாக நின்றன. 1922இல் இதை எழுதினார்; 'காலம்னாரிஸ்' என்ற பெயர் அத்தூண்களால் வந்தது. ஆர்டலும் ரக்கரும் 1944இல் அதைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினர். இத்தனைக்குப் பின்னும் 'வாய்ப் பூஞ்சை' என்ற பழம்பெயர் சாகவில்லை. அப்பெயரை நம்பி மருந்திடுபவர்களின் மீன்கள் செத்துக்கொண்டிருக்கின்றன.

மீனிலிருந்து மனிதரைத் தொற்றும் நோயும் உண்டு. ஃபிலடெல்ஃபியா மீன்காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களிலிருந்து 1926இல் ஆரான்சன் பிரித்தெடுத்த மைக்கோபாக்டீரியம் மெரினம், காசநோய்க் கிருமியின் உறவினன். மீன்தொட்டியில் கை சிராய்த்துக்கொண்டவர்களின் தோலில் ஆறாக் கட்டிகள் வந்ததை 1962இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. கையில் காயமிருக்கும்போது தொட்டியைக் கழுவுவதை நாம் நிறுத்திவிட்டோம். அன்பர்களும் நிறுத்துவது நலம்.

இப்போது வாரிங்டனிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. எம் இரண்டாம் சுற்று மருந்தில் செத்த பன்னிரண்டையும் பேன் மட்டுமே கொல்லவில்லை என்று இப்போது எண்ணுகிறோம். மீனின் கழிவிலும் செவுளிலுமிருந்து அம்மோனியா வெளிப்படுகிறது, அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வகைப் பாக்டீரியாக்களை 1890 அளவில் விநோகிராட்ஸ்கி பிரித்தறிந்தார். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே தொட்டி நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் உண்மையில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்பதை 1998இல் ஹோவனெக்கும் அவருடைய குழுவினரும் காட்டினர். அவ்வினத்திலேயே அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியொன்றாகவே முடித்துவிடும் வகைகள் உண்டென்பது 2015இல்தான் தெரியவந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் தொட்டி வைத்திருந்தும், அதைக் காத்து வந்தது யாரென்று நமக்கு அண்மையில்தான் தெரிந்திருக்கிறது!

மெத்திலீன் நீலம் இந்தக் காவலர்களையும் தாக்கும். கணக்கில்லாமல் ஊற்றினால் வடிகட்டி ஊமையாகிவிடும், அம்மோனியா ஏறும். செவுள் முழுதும் பேன் துளைத்த மீன் மூச்சுக்குத் திணறும். அந்நேரத்தில் நாம் நீரையும் நஞ்சாக்கினோம் என்றே தோன்றுகிறது. நீரைச் சோதிக்கும் சிறு பெட்டி அதே கடையில் அதே அலமாரியில் இருந்தது. புட்டியைவிட விலை அதிகம் என்று வாங்காமல் வந்தோம்.

அந்தக் கறுப்பு மாலி எப்படிப் பிழைத்தது? ஒருமுறை வெண்புள்ளி கண்டு தேறிய மீனை அந்நோய் மீண்டும் எளிதில் பற்றுவதில்லை; 1910இலேயே ஜெர்மனியில் புஷ்கீல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் அதன் வாலில் ஓரிரு புள்ளிகள் இருந்ததாக எம் மகள் சொல்கிறாள். நாம் அப்போது கவனிக்கவில்லை.

தை பிறந்த பிறகு, எமது கல்லூரி விலங்கியல் துறை நண்பர் ஒருவர் உதவ முன்வந்தார். கடையில் புள்ளியுடன் நின்ற மீன் ஒன்றை விலைபேசி வாங்கி, நெகிழிப் பையோடு அவருடைய ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றோம். மீனை ஈரத்துணியில் ஏந்தி, பக்கத் துடுப்பின் பின்புறம் கண்ணாடிச் சில்லால் மெல்ல வழித்தார். அரை நிமிடத்தில் மீன் நீருக்குத் திரும்பிவிட்டது. நுண்ணோக்கியில் கண்வைத்தோம். சாம்பல் நிற உருண்டை ஒன்று, உடலெங்கும் மயிரிழைகள் அலைய, அவசரமின்றி உருண்டுகொண்டிருந்தது. அதன் நடுவே குதிரை லாடம் போல் வளைந்த உட்கரு. "இந்த லாடத்தைப் பாத்துட்டா வேற சந்தேகமே வேண்டாம் சார், வெண்புள்ளிதான்" என்றார் நண்பர். பன்னிரண்டு மீன்களைக் கொன்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். அழகாகவே இருந்தது.

அம்மீன் இப்போது தனித் தொட்டியில், வெப்பமூட்டியுடன் 30 பாகையில் இருக்கிறது. புள்ளிகள் மறைந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன; சிகிச்சை நிற்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கற்களைக் கழுவி, கால்பங்கு நீரை மாற்றுகிறோம்.

போன வாரம் தீவனம் வாங்கக் கடைக்குப் போனபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையோடு வந்து புள்ளிபற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்காரரின் கை நீலப் புட்டியை நோக்கிப் போயிற்று. "எத்தனை நாளைக்குங்க?" என்று தந்தை கேட்டார். "புள்ளி போற வரைக்கும்" என்றார் அவர். நாம் குறுக்கிட்டோம். கடைக்காரர் எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை. சிறுவன் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நாட்களைக் குறித்துக்கொண்டான்.